உழக்கின காலம்

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் றோட்டில், கடல்நீரேரி தொடங்கிய பிறகு நிழல் என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் உவர்வெளி. மாரியில் தண்ணீர் றோட்டு விளிம்பைத் தொடும். கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடக்கும். 1990 நடுப்பகுதியிலிருந்து 1995 ஐப்பசி வரை அந்த றோட்டில்தான் நான் சைக்கிள் உழக்கினேன். வீடு கொக்குவிலில், பள்ளிக்கூடம் கைதடிப் பக்கம், படிப்பித்தது கணிதம். போக 11 கிலோமீற்றர், வர 11. வாடைக் காற்றுக் காலத்தில் காலையில் இருபாலை மட்டும் காற்று முகத்தில் அறையும். சோளகம் தொடங்கிவிட்டால் அதே அறை பின்னேரம், வீடு திரும்பும்போது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் விடிய எத்தனை மணிக்கு எழும்புவது என்று முடிவு செய்வேன்.

கொப்பன்ஹேகனில் இருக்கும் என் அக்காவின் மகன் போன வருடம் ஒரு வீடியோ அனுப்பினான். மழைத் தூறலில் ஒரு காலை நேரம். றோட்டோரம் சைக்கிளுக்கென்றே போட்ட பாதை, அதில் வேலைக்குப் போகிற சனம். கோட் போட்ட ஆண்கள், முன்பெட்டியில் பிள்ளையை வைத்து உழக்கும் தாய்மார். கீழே எழுதியிருந்தான்: "சித்தி, இஞ்சை சூழலைக் காப்பாற்றவேணும் எண்டு எல்லாரும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறவை. நீங்கள் இதைப் பற்றி ஒண்டு எழுதுங்கோ." அவன் பிறந்தது 1993 இல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வந்தது என் அத்தானின் சைக்கிளில். பாரில் அக்கா, அக்காவின் மடியில் துவாய்க்குள் அவன். அதை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லைப் போல.

அதனால் இதை அவனுக்கு விளங்குகிற மாதிரித் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

எங்கள் ஐயா கொக்குவில் சந்திக்குக் கிட்ட ஒரு பூவரச மரத்துக்குக் கீழே சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். கடை என்றால் நாலு தூண், மேலே கிடுகு, நடுவில் சைக்கிளைத் தூக்கிக் கொழுவ ஒரு சங்கிலி, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சைக்கிள் என்றால் இங்கிலாந்துச் சைக்கிள்: றலி, ஹம்பர், றட்ஜ். இரண்டு சில்லும் ஏறக்குறைய ஒரே அளவாய், மிதியிலிருந்து பின்சில்லுக்குச் சங்கிலி போகும் இந்த வடிவத்தை 1885 இல் ஜோன் ஸ்ரார்லி என்பவர் இங்கிலாந்தில் செய்தார். மூன்று வருடம் கழித்து டன்லப் காற்றடைத்த ரயரைக் கொண்டுவந்தார். நொட்டிங்காமில் றலிக் கம்பனி தொடங்கியதும் அதே காலம்தான். ஐயா இதொன்றும் படித்தவரில்லை. ஆனால் நல்ல றலிக்கும் போலி றலிக்கும் வித்தியாசம் தெரிந்தவர். றலியின் முன் பல்லுச் சில்லில் மூன்று பறவைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். நாரையோ கொக்கோ, எங்கள் ஆட்களுக்கு அது கொக்குத்தான். "கொக்குவிலானுக்குக் கொக்குப் போட்ட சைக்கிள்தான் பொருந்தும்" என்பது ஐயா வாடிக்கைக்காரருக்குச் சொல்கிற பகிடி. ஆயிரம் தரம் கேட்டிருப்பேன்.

யாழ்ப்பாணம் சைக்கிளுக்கென்றே செய்த நிலம். மலை இல்லை, ஏற்றம் இறக்கம் என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாய்க் கிடக்கும் தரை. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை 11 மைல், பருத்தித்துறை 21 மைல். ஒழுங்கைகளோ இரண்டு கிடுகுவேலிக்கு இடையில் வளைந்து வளைந்து போகிறவை. அவற்றுக்குள் காரும் வராது, பஸ்ஸும் வராது. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கி, 1905 இல் பாதை கொழும்பு வரைக்கும் பொருந்தியதும், கொழும்பிலே கிளாக்கர் வேலை, ஊரிலே வீடு என்று ஒரு வாழ்க்கை உண்டானது. ஸ்ரேசனிலிருந்து வீட்டுக்கு வருகிற அந்தக் கடைசி இரண்டு மூன்று மைலைச் சைக்கிள்தான் நிரப்பியது. 1944 இல் தொடங்கிய தமிழ்க் காங்கிரசின் சின்னமும் சைக்கிள். தேர்தல் காலத்தில் ஐயாவின் கடைக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணை, வீட்டுக்குப் புள்ளடியோ சைக்கிளுக்குப் புள்ளடியோ?" என்று சீண்டுவார்கள். தொழிலைப் பார்த்து அவரைக் காங்கிரஸ்காரன் என்று நினைப்பவர்கள்தான் கூட. அவர் போட்டது மற்றக் கட்சியின் சின்னமான வீட்டுக்கு.

உள்ளூர்ச் சபைக்கு வருடாவருடம் காசு கட்டி, சைக்கிளுக்கு ஒரு சின்னத் தகடு வாங்கிப் பூட்ட வேண்டிய காலமும் இருந்தது. கட்டாதவர்கள் சந்தியைக் கண்டதும் இறங்கி ஒழுங்கைக்குள் உருட்டுவார்கள். வரிக்கு ஒளித்து ஓடுவதற்கும் சைக்கிளைப் போல வசதியான வாகனம் கிடையாது.

1970 முதல் 77 வரை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. ரயர், ரியூப் எல்லாம் தட்டுப்பாடு. ஐயாவுக்கு ஒட்டுப் போடுகிற வேலை ஓயாமல் இருந்தது. மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போன அந்த வருடங்களில் தோட்டக்காரர் புதுச் சைக்கிளுக்கு ஆசைப்பட்டும் கிடைக்காமல் பழசையே பிரித்துப் பூட்டி ஓடினார்கள். 1977 க்குப் பிறகு கதவு திறந்தது. ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் வந்து இறங்கின. வெளிநாட்டுக் காசும் வரத் தொடங்கியது. 80 களின் நடுவில் ஐயாவின் கடையில் பகல் முழுக்க இரண்டு சைக்கிள் வந்தால் பெரிய காரியம். என் தம்பி இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஐயா ஒன்றும் பேசவில்லை. இனி இது போகிற தொழில்தான் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

1990 ஆனியில் அரசாங்கத்துக்கும் புலிகள் இயக்கத்துக்கும் இடையில் சண்டை திரும்பத் தொடங்கியது. 13 ஆம் திகதி ஓடிய யாழ்தேவிதான் கடைசி. பிறகு 24 வருடம் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வரவில்லை. கரண்ட் போனது. அடுத்த வருடம் அரசாங்கம் குடாநாட்டுக்குள் வரத் தடை செய்த சாமான்களின் பட்டியல் வந்தது: பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, பசளை என்று அது நீண்டுகொண்டே போனது. மண்ணெண்ணெய் அளந்து அளந்து, யானை விலைக்கு. குடாநாட்டுக்குள் இருந்த பல லட்சம் பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாகனம்தான் மிஞ்சியது.

ஐயாவின் கடைக்கு முன்னால் விடியற்காலை 6 மணிக்கே வரிசை. பத்து வருடமாய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் தூசு தட்டி வந்தன. டொக்டர்மார், கச்சேரியில் வேலை செய்கிறவர்கள், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பூவரச மரத்துக்குக் கீழே வாங்கிலில் இருந்து முறை பார்த்தார்கள். கார் வைத்திருந்த ஒருவர் தன் காரைக் கிடுகால் மூடிவிட்டு, பேரனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "உழக்க மறந்துபோச்சு, பிள்ளை" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. உழக்குவது மறக்காது. இரண்டு நாளில் அவருக்கும் வந்துவிட்டது.

தட்டுப்பாட்டுக்குள் தொழில் செய்வது எப்படி என்று அந்த ஐந்து வருடத்தில்தான் பார்த்தேன். ரயர் தேய்ந்து உள்ளே நூல் தெரியத் தொடங்கினால், பழைய ரயரில் ஒரு சாண் துண்டு வெட்டி உள்ளுக்கு வைத்து, நைலோன் மீன்வலை நூலால் சுற்றித் தைப்பார். அந்த இடம் றோட்டில் படும்போதெல்லாம் சீற்றில் ஒரு சின்னத் துள்ளல் வரும். என் முன்சில்லில் இரண்டு தையல் இருந்தது. போல்ஸ் தேய்ந்தால் நாலு சைக்கிளைப் பிரித்து, நல்ல உருளைகளைப் பொறுக்கி ஒரு சைக்கிளுக்குப் போடுவார். தேங்காயெண்ணெய் சங்கிலிக்கு ஆகாது, தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். மோட்டார் சைக்கிள்களிலிருந்து முன்பு வடித்து வைத்த கழிவு ஒயில் அரைப் போத்தல் அவரிடம் இருந்தது. அதைக் கோழி இறகில் தொட்டு ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு என்று வைப்பார். என் சைக்கிள் நாள்தோறும் உப்புக் காற்றில் போய் வந்ததால் எனக்கு மட்டும் கிழமைக்கு இரண்டு தரம்.

கடையில் ஆகக் கூடுதலாய்க் கேட்டு வந்த சாமானுக்கும் சைக்கிள் ஓடுவதற்கும் சம்பந்தமே இல்லை என்றால் நம்புவீர்களா? பழைய ரியூபில் இருக்கும் பித்தளை வால்வ் கட்டை. அதற்குள் பஞ்சுத்திரியை நுழைத்து, ஜாம் போத்தலுக்குள் நிறுத்தி, அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் விளக்கு. சிமினி லாம்பு குடிக்கிற எண்ணெயில் ஒரு பங்கு கூட இது குடிக்காது. என் மாணவர்கள் ஓ.எல். சோதனைக்குப் படித்தது அந்த வெளிச்சத்தில். "ரீச்சர், ஐயாட்டைச் சொல்லி ஒரு வால்வ் கட்டை எடுத்துத் தாங்கோ" என்று வகுப்பு முடிந்த பிறகு வந்து நிற்பார்கள். கணித ஆசிரியைக்கு அப்படியொரு செல்வாக்கு!

இன்னொன்று டைனமோ. பற்றரி தடை. ஆனால் இரவு பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வரும் வெரித்தாசும் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் எவரும் நித்திரைக்குப் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு சைக்கிளை ஸ்ரான்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்திருந்தார்கள். பெடியள் முறை வைத்து உழக்குவார்கள். உழக்குகிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் களைத்து இழுபடும். "டேய், கெதியா உழக்கு, இப்பதான் எங்கட செய்தி வருது" என்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவனாரின் அதட்டல் கேட்கும்.

எல்லோரும் சைக்கிளில்தான் போனார்கள் என்று சொன்னால் அது பொய். மோட்டார் சைக்கிளைப் பெற்றோலில் ஒரு சொட்டுக் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டும் கலையை எங்கள் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களும் அப்படித்தான் ஓடின. அவை போன பிறகு கொஞ்ச நேரம் ஒழுங்கைக்குள் கண் எரியும். ஒரு நாளில் அப்படி நாலைந்து போகும். மற்ற நேரமெல்லாம் றோட்டில் சங்கிலிச் சத்தமும் மணிச் சத்தமும்தான்.

அந்த அமைதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சுகமான அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. மோட்டார் இரைச்சல் இல்லாததால் பொம்மர் வருவது கனதூரத்திலேயே கேட்டுவிடும். கோப்பாய் வெளியில் போகும்போது காது தானாகவே மேலே இருக்கும். சத்தம் கேட்டால் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு றோட்டோரத் தாழ்வில் படுப்போம். எழும்பி வந்து பார்த்தால் முதலில் பார்ப்பது ஹாண்டில் வளைந்ததா என்று. மனிதருக்கு ஒன்றுமில்லை என்பது தெரிந்த பிறகுதான் இந்தக் கவலையெல்லாம், ஆனாலும் அந்தக் கவலை உண்மையானது. வளைந்த ஹாண்டிலோடு மீதி 7 கிலோமீற்றர் போவது லேசான வேலையில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சைக்கிள் ஓடுவது போர் கொண்டுவந்த புதுமை அல்ல. வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாய்ப் பெண்பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவது எனக்கு விளக்கம் தெரிந்த நாளிலிருந்தே யாழ்ப்பாணத்துக் காட்சி. நான் பன்னிரண்டு வயதில் கோயில் வீதியில் பழகினேன். விழுந்த தழும்பு முழங்காலில் இருக்கிறது. ஆனால் கலியாணம் கட்டிய பெண்கள், சேலை உடுத்த பெண்கள் நாள்தோறும் பதினைந்து இருபது கிலோமீற்றர் போய் வருவது முன்பு இல்லை. அவர்களுக்குப் பஸ் இருந்தது, ஆண்பிள்ளைகளின் கரியர் இருந்தது. 90 க்குப் பிறகு பஸ் இல்லை. ஆண்பிள்ளைகளும் குறைவு, வெளிநாட்டுக்குப் போனவர்கள், இயக்கத்துக்குப் போனவர்கள், கொழும்பில் அகப்பட்டவர்கள். என்னையும் சேர்த்துக் கோப்பாய்ச் சந்தியிலிருந்து ஒன்றாய்ப் போன ஐந்து ரீச்சர்மாரில் மூன்று பேர் முப்பது வயதுக்குப் பிறகு சைக்கிள் பழகியவர்கள். அதில் ஒருவருக்கு மாமியார் ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அதே மாமியாரைக் கரியரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அந்த மருமகள்தான்.

சேலை பின்சில்லுக்குள் போவது பெரிய தொல்லை. ஐயா அதற்குப் பழைய மீன்வலைத் துண்டை வெட்டிப் பின் மட்கார்டின் இரண்டு பக்கமும் விசிறி மாதிரி இழுத்துக் கட்டிவிடுவார். "ரீச்சர் வலை" என்று அதற்குக் கடையில் பெயர். காசு வாங்கமாட்டார். நீண்டதூரம் உழக்குவதற்கு முந்தானையை இடுப்பைச் சுற்றிச் செருகி, கொசுவத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஊசி குத்த வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் பள்ளிக்கூட வாசலுக்கு நூறு யார் முன்னால் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே இறங்கி, ஊசியைக் கழற்றி, சேலையைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, ரீச்சர்மாராகி உள்ளே போவோம்.

சைக்கிள் எதைத்தான் சுமக்கவில்லை? விறகு, நெல்மூட்டை, தண்ணீர்க் கான், ஆட்டுக்குட்டி. கிளாலி நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து வன்னிக்குப் போன யாவாரிகள் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது இருநூறு இறாத்தல் சாமான் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த நீரேரியில் சுடுபட்டுத் திரும்பாதவர்களும் உண்டு. எங்கள் அயலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரவு ஒரு மணிக்கு நோக் கண்டது. கரியரில் தலையணை கட்டி அவரை இருத்தி, புருசன் ஹாண்டிலைப் பிடிக்க, நான் பின்னால் தாங்க, ஐயா முன்னால் ரோர்ச் இல்லாமல் பாதை சொல்லிக்கொண்டு போக, ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். பெண்பிள்ளை. இப்போது ரொறன்ரோவில். செத்தவீட்டுப் பெட்டியும் சைக்கிளில்தான் போனது, கரியரில் குறுக்கே கட்டி. அந்தக் காட்சிக்குப் பழகவே எனக்கு முடியவில்லை.

இப்போது கொப்பன்ஹேகன்காரனின் கேள்விக்கு வருகிறேன். சூழல்.

நான் கணித ஆசிரியை. கணக்குப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். நாளுக்கு 22 கிலோமீற்றர், சண்டையால் மூடிய நாட்களைக் கழித்து வருடத்துக்கு 180 நாள் என்று வைத்தால், ஐந்து வருடத்தில் ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர். பூமியைப் பாதி சுற்றிய தூரம். அதையே ஒரு மோட்டார் சைக்கிளில், லீற்றருக்கு 50 கிலோமீற்றர் கணக்கில் போயிருந்தால் 400 லீற்றர் பெற்றோல். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. ஆக, நான் ஒருத்தி மட்டும் ஒரு தொன்னுக்குக் கொஞ்சம் குறைவான கரியமில வாயுவை வானத்துக்கு அனுப்பாமல் விட்டிருக்கிறேன். குடாநாடு முழுவதற்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள்.

எஸ். எஸ். வில்சன் என்ற ஒக்ஸ்போர்ட் பொறியியலாளர் 1973 இல் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நடக்கிற மனிதன், குதிரை, மீன், பறவை, கார், ஜெட் விமானம் எல்லாவற்றையும் வரிசையில் வைத்து, ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீற்றர் நகர்த்த எவ்வளவு சக்தி போகிறது என்று ஒப்பிட்டார். சைக்கிளில் போகிற மனிதன்தான் முதலிடம். நடக்கிறவனுக்குச் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு, வேகமோ மூன்று நாலு மடங்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது அதை வாசித்தேன். மாவும் சம்பலும் மட்டும் சாப்பிட்டுவிட்டு உவர்வெளியைக் கடந்த வருடங்களில்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கின் அருமை விளங்கியது. நடந்திருந்தால் ஐந்து ரீச்சர்மாரும் முதல் தவணையிலேயே விழுந்திருப்போம்.

ஆனால் மகனே, இதை வைத்து நாங்கள் சூழலைக் காப்பாற்றினோம் என்று எழுத என் கை வராது. அதே ஐந்து வருடத்தில் பங்கருக்கென்று எத்தனை பனை தறித்தார்கள்! ஒரு பங்கர் மூட எத்தனை குற்றி வேண்டும் என்று எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கே தெரியும். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை என்று விறகுக்கு வேலிப் பூவரசும் முருங்கையும் போயின. பெற்றோல் எரிக்காமல் விட்டது எங்கள் நல்ல மனத்தால் அல்ல, எரிக்க இல்லாததால். முற்றுகைக்குள் இருக்கிறவர்களுக்குப் புண்ணியக் கணக்கு எழுதுவது முறையில்லை. எங்கள் பக்கம் அந்தக் காலத்தை இனிக்க இனிக்கச் சொல்கிற ஒரு பழக்கம் வந்திருக்கிறது, "அப்ப வருத்தமே இல்லை, எல்லாரும் உழக்கிச் சுகமா இருந்தம்" என்று. இன்சுலின் இல்லாமல் செத்தவர்களை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டும் என்று. நாலைந்து லட்சம் சனம். தென்மராட்சிக்குப் போக இரண்டே வழி: செம்மணி, நாவற்குழிப் பாலம் ஒன்று; கோப்பாய், கைதடி மற்றது. நாங்கள் பிடித்தது என் பள்ளிக்கூட றோட்டு. மழை. என் சைக்கிளில் இரண்டு உடுப்புப் பையும் அரிசியும். ஐயாவின் சைக்கிளில் அம்மாவும், சாவிகளும் குறடும் போட்ட தகரப் பெட்டியும். ஒரு மணித்தியாலத்துக்குள் உழக்கிப் போகிற 11 கிலோமீற்றரைக் கடக்க மறுநாள் மத்தியானம் தாண்டியது. ஏறி உழக்க இடமில்லை. காலை நகர்த்தவே இடமில்லை. அம்மா கைதடிக் கரையைக் கண்ட பிறகுதான் கரியரை விட்டு இறங்கினார். சேலை சரிசெய்கிற எங்கள் வேப்பமரத்துக்குக் கீழே முப்பது பேர் நனைந்துகொண்டு நின்றார்கள்.

கொடிகாமத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே மூன்றாம் நாளே ஐயா தகரப் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரு ஒட்டுக்கு ஒரு தேங்காய் என்று கூலி. அடுத்த ஆறு மாதம் எங்களுக்குச் சோறு போட்டது அந்த மாமரம். 1996 இல் திரும்பி வந்தபோது கொக்குவிலில் நாலு தூணும் நின்றன, சங்கிலி இல்லை.

அதற்குப் பிறகு சைக்கிளுக்கு மரியாதை குறைந்துகொண்டே வந்த கதைதான். ஒவ்வொரு ஆமிச் சென்றியிலும் இறங்கி உருட்ட வேண்டும். 11 கிலோமீற்றரில் எத்தனை தரம் இறங்கினேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். 2002 இல் ஏ9 பாதை திறந்தது. 2009 க்குப் பிறகு லீசிங் கொம்பனிகள் சந்திக்குச் சந்தி வந்தன. காப்பெற் றோட்டுப் போட்டார்கள், அகலமாய், கறுப்பாய், வழுவழு என்று. முன்காசு கொஞ்சம் கட்டினால் மோட்டார் சைக்கிள் வாசலுக்கு வந்தது. ஐயா 2004 இல் போய்விட்டார், இதையெல்லாம் காணவில்லை. 2014, 15 அளவில் சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்துவிட்டதென்று ஊரே தெருவுக்கு இறங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. அரைப் போத்தல் கழிவு ஒயிலைக் கோழி இறகில் தொட்டு ஐந்து வருடம் ஓட்டிய மனிதன் அதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

2022 இல் ஒரு தரம் பழைய காலம் எட்டிப் பார்த்தது. நாட்டில் டொலர் இல்லை, எண்ணெய்க் கப்பல் இல்லை. ஆனிக் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எண்ணெய் விற்பதையே நிறுத்தினார்கள். கொழும்பில் கோட் போட்டவர்கள் சைக்கிளில் வேலைக்குப் போனதைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. புதுச் சைக்கிளின் விலை ஏறிய வேகத்தில் பழசுக்குக் கிராக்கி வந்து, எங்கள் வீட்டுப் படலையில் ஒரு பெடியன் வந்து, "அன்ரி, உங்கட வீட்டிலை பழைய சைக்கிள் ஏதும் கிடக்குதே?" என்று கேட்டான். யாழ்ப்பாணத்துக்கு அது புதினமில்லை; எங்கள் வயதுக்காரர் இரண்டே நாளில் ரயருக்குக் காற்றடித்துக்கொண்டு வெளியே வந்தோம். ஆடிக்குப் பிறகு கியூஆர் அட்டை வந்து, எண்ணெய் அளந்து கிடைக்கத் தொடங்கியது. கார்த்திகைக்குள் சைக்கிள்கள் திரும்பக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்.

என் முடிவு இதுதான். யாழ்ப்பாணத்துச் சனத்துக்குச் சைக்கிள் என்றால் பொம்மர், சென்றி, இடப்பெயர்வு. அதனால்தான் கைக்குக் காசு வந்ததும் முதலில் அதைத் தள்ளிவிட்டோம். ஆனால் எங்களை வதைத்தது முற்றுகை. சைக்கிள் எங்களை வதைக்கவில்லை. அந்த வதைக்குள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சந்தையும் பத்திரிகையும் நடந்தது அதால்தான். ஒன்றோடு மற்றதையும் சேர்த்துக் குப்பையில் போட்டது நாங்கள் செய்த பிழை. என்னிடம் ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் வீடு இரண்டு கிலோமீற்றருக்குள். எல்லோரையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்ப வந்து ஏற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "றோட்டிலை விட ஏலாது ரீச்சர், அடிச்சுப்போட்டுப் போயிடுவாங்கள்" என்கிறார்கள். அது உண்மையும்தான். அந்த வழுவழுக் காப்பெற்றின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் விட எவருக்கும் தோன்றவில்லை. பொம்மருக்குக் காது கொடுத்துக்கொண்டு பயமில்லாமல் உழக்கிய கோப்பாய் றோட்டில் இன்று ரிப்பர் லொறிக்குப் பயந்து நான் பகலில் கூடப் போவதில்லை. திருநெல்வேலிச் சந்தைக்கு மட்டும் ஒழுங்கைக்குள்ளால் போய் வருகிறேன்.

மகனே, உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அந்த றலி இப்போதும் என் வீட்டுப் பின் விறாந்தையில் நிற்கிறது. கொக்கு மூன்றும் தேயாமல் இருக்கின்றன. சங்கிலி போன தையில் மாற்றினேன். தோல் சீற் மட்டும் கிழிந்துவிட்டது. புறூக்ஸ் சீற் அங்கே கடைகளில் இன்னும் விற்கிறார்களாம். வருகிற நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒன்று கொண்டு வா.